காலிச் சாக்கு இல்லாத வீடு

எனக்கு எழுபத்தெட்டு வயது ஆகிறது. ஊதுபத்தி உருட்டியே ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன், ஐந்து பேரையும் ஆளாக்கினேன். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. மனிதர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தத் துணிச்சலில் சொல்கிறேன்: இந்தப் பெங்களூரில், ஏன், இந்த உலகத்திலேயே, பயப்படுவதை ஓர் உத்தியோகம் மாதிரி, ஒருநாள்கூட லீவு போடாமல் பார்த்தவள் ஒருத்திதான். அவள் எங்கள் குடோனம்மா.

சொந்தப் பேர் ஒன்று இல்லாமலா இருந்திருக்கும்? ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அப்போது நாங்கள் அடுகோடியில் ஒரு வட்டாரத்தில் குடியிருந்தோம். பெங்களூரில் வட்டாரம் என்றால் ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை வீடுகள். நடுவில் ஒரு குழாய், எதிரும் புதிருமாக ஷீட் கூரை போட்ட எட்டு வீடுகள், எல்லோருக்கும் சேர்த்துத் தெருவைப் பார்த்து ஒரே ஒரு கேட். மாடியில் ஓனரம்மா. அவர் கன்னடக்காரர். எங்களோடு தமிழில்தான் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் கன்னடத்துக்குப் போய்விடுவார். அதனால் அவர் எப்போது கோபமாக இருக்கிறார் என்பது எங்களுக்கு முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும்.

என் பக்கத்து வீடு காலியாக இருந்தது. ஒருநாள் காலையில் கேட்டுக்கு வெளியே ஒரு லாரி வந்து நின்றது. முதலில் இரண்டு டிரம் இறங்கியது. பிறகு தகர டின்கள், அப்புறம் சாக்கு, மறுபடியும் சாக்கு, ஊறுகாய் ஜாடிகள், மறுபடியும் சாக்கு. கடைசியாக ஒரு பாய் இறங்கியது. அதற்கும் பிறகு புருஷன் இறங்கினார். அந்த லாரிக்கு டிரைவரே அவர்தான்.

நான் பத்தி உருட்டுகிற பலகையை விட்டு எழுந்து போய்க் கேட்டேன்.

"இன்னாம்மா, கடை வெக்கப் போறீங்களா?"

"இல்லக்கா, குடித்தனம் வெக்கப் போறோம்."

"எத்தினி பேரு?"

"நானும் அவரும்தான்."

எதிர் வீட்டு டைலர் அந்தோணி வாயில் நூலைக் கடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கு இது வூடு இல்லம்மா, குடோனு" என்றார். அன்று சாயந்திரமே பேர் நிலைத்துவிட்டது. அவளும் கோபப்படவில்லை. கோபப்பட அவளுக்கு நேரம் ஏது? கொண்டுவந்த பருப்பை இறக்கி வைப்பதற்குள் அடுத்த பருப்பு கிடைக்குமா என்கிற கவலை வந்துவிட்டது.

அவர்கள் வீடு ஓர் அறை, ஒரு சமையல் மூலை. சுவரெல்லாம் சாக்கு அடுக்கியது போக நடுவில் ஒரு சந்துதான் மிச்சம். அந்தச் சந்தில் புருஷனும் பெண்டாட்டியும் ரயில் பெட்டி மாதிரி ஒருவர் பின்னால் ஒருவராகப் படுப்பார்கள். டிரைவர் நல்ல உயரம். தலை ராகி மூட்டைக்குக் கீழே, கால் வாசற்படிக்கு வெளியே. விடியற்காலையில் குழாயடிக்குப் போகிற நாங்கள் அந்தக் காலைத் தாண்டித் தாண்டிப் பழகிவிட்டோம். லோடு முடித்து வந்தால் வாசலிலேயே நின்று கேட்பார்:

"இன்னிக்கு எனக்கு எடம் கீதா, இல்ல வண்டியிலயே படுத்துக்கட்டா?"

"கீது, கீது. கடலப்பருப்ப ஒதுக்கிட்டேன், வாங்க."

ஒரு தடவை லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் என்று டிரைவர் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். சொன்னவர் வாய் மூடவில்லை, இவள் மூலைக் கடையில் நின்றாள். சாக்கோடு உப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வழியில் பார்த்தவர்கள் "எதுக்கும்மா இத்தினி உப்பு?" என்று கேட்டார்கள். இவள் உதட்டில் விரலை வைத்து, வானத்தைக் காட்டிவிட்டு நடந்தாள். அவ்வளவுதான். வானத்திலிருந்து என்ன வரப்போகிறதோ என்று தெருவே உப்புக்கு ஓடியது. சாயந்திரத்துக்குள் ஒரு கடையிலும் உப்பு இல்லை. மறுநாள் அவள் என்னிடம் வந்து கண்ணை அகல விரித்துக்கொண்டு சொன்னாள்: "பாத்தியாக்கா, நான் பயந்த மாதிரியே ஆயிடுச்சு. எங்கயுமே உப்பு இல்லியாம்!"



எல்லாவற்றையும் விட அவளுக்குப் பிரியம் மண்ணெண்ணெய்மேல். வாய் நிறைய "கிருஷ்ணாயில், கிருஷ்ணாயில்" என்று சாமி பேர் சொல்வது போலச் சொல்வாள். டிரம்மில் வைத்தாள், டின்னில் வைத்தாள், அதுவும் நிறைந்து குடத்தில் வைத்தாள். தண்ணீர்க் குடம் எது, எண்ணெய்க் குடம் எது என்று தெரிய வேண்டுமே? எண்ணெய்க் குடத்துக்கெல்லாம் குங்குமம் வைத்தாள். நல்ல யோசனைதான். ஆயுத பூஜை வருகிறவரைக்கும் நல்ல யோசனைதான். அன்றைக்குப் பக்தி மிகுந்து வீட்டில் இருந்த அத்தனை பாத்திரத்துக்கும் குங்குமம் வைத்துவிட்டாள். மத்தியானம் உலை வைத்தாள். டிரைவர் தட்டை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, வாயிலிருந்த பீடியை முதலில் வெளியே எறிந்தார்.

அப்புறம் அந்தப் பெரிய பிஸ்கெட் டின். மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஒட்டியிருந்தாள். கேட்டால் "அது பந்த் பிஸ்கெட்டுக்கா" என்பாள். பந்த் அன்றைக்குத்தான் திறக்க வேண்டுமாம். பந்த் வந்தது, போனது. டின் திறக்கவில்லை. "இது சின்ன பந்த்துக்கா. சாயந்திரமே பஸ் வுட்டுட்டான். இதுக்கெல்லாம் தொறந்துட்டா பெரிய பந்த்துக்கு இன்னா பண்றது?" என்றாள். தெருமுனை மெக்கானிக் சாப்பாட்டு வேளைக்கு ஷட்டரைப் பாதி இறக்கினால் போதும், இவள் டின்களை எண்ண ஆரம்பித்துவிடுவாள். காக்கை கத்தினால் கலவரம், கத்தாவிட்டால் அதைவிடப் பெரிய கலவரம்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"ஏம்மா, உனுக்கு யாரு மேல இவ்ளோ பயம்?"

"யாரு மேலயும் இல்லக்கா. நாளைக்கு மேலதான்."

சிரித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அந்த வார்த்தை என்னோடு வந்துவிட்டது. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் அவள் டின்களைத் தட்டித் தட்டிப் பார்க்கிற சத்தம் இந்தப் பக்கம் கேட்கும். எது நிறைவாக இருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று சத்தத்திலேயே கண்டுபிடிப்பாள். நாளாக நாளாக, 'டங்' என்று காலிச் சத்தம் கேட்டால் நானும் எழுந்து போய் என் அரிசிப் பானையைத் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். என் பிள்ளைகள் ஐந்து பேரும் அந்தச் சுவரோரம்தான் படுப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் டிரம் டிரம்மாக எண்ணெய். உருட்டுகிற பத்தியை விட்டுவிட்டு நான் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு.

தொண்ணூற்றொன்றாம் வருஷக் கடைசியில் காவிரித் தண்ணீருக்காகத் தகராறு வந்தது. ஊரில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைகள் மூடின, பஸ் நின்றது, டயர் எரிகிற நாற்றம் ஷீட் இடுக்கு வழியாக உள்ளே வந்தது. இத்தனை வருஷமாக ஒன்றாகத் தண்ணீர் பிடித்த தெருவில் யாருக்கு என்ன பாஷை என்று கணக்குப் பார்க்கிற காலம் வந்துவிட்டது. எட்டு வீட்டில் ஏழு வீடு தமிழ். டிரைவர் சேலம் பக்கம் லோடு கொண்டுபோனவர், அங்கேயே மாட்டிக்கொண்டார்.

பெரிய பந்த் வந்துவிட்டது, இனிக் குடோனம்மா மார்தட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். "நெசமாவே வந்துட்டுதேக்கா" என்றாள், அவ்வளவுதான். பிஸ்கெட் டின் பக்கம் போகக்கூட இல்லை.

ஓனரம்மா கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லோரையும் குழாயடிக்குக் கூப்பிட்டார். "சுவத்துல தமிழ் காலண்டர் இருந்தா எடுத்துடுங்க. கேட்டாண்ட நான் இருக்கேன். வர்றவங்க கூட நான் பேசிக்கறேன். நீங்க யாரும் வாயே திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை தமிழ் வெளிய கேட்டுச்சு, அப்புறம் நான் என்ன சொன்னாலும் எடுபடாது."

"கொழந்தைங்க அம்மான்னு கூப்பிடுமேம்மா?" என்றார் டைலர்.

"அம்மா பரவால்ல. அது ரெண்டு பாஷைக்கும் அம்மாதான்."

பிறகு குடோனம்மா பக்கம் திரும்பினார். "நீ அந்தச் சீமெண்ணெய ஏதாச்சும் பண்ணு. ஒரு கொள்ளி விழுந்தா எட்டு வீடும் போயிடும். குழந்தைங்க ஓடறதுக்கு இந்த ஒரு கேட்தான்."

"எங்கம்மா கொண்டுபோறது? சாக்கடையில ஊத்துனா தெருவே பத்திக்கும். ரோட்ல தூக்கினு போனா என்னையே கொளுத்திடுவாங்க."

அவள் சொன்னதும் நியாயம்தான். எண்ணெய் இருந்த இடத்திலேயே இருந்தது. நான் என் பிள்ளைகளைச் சுவரோரமிருந்து இழுத்து இந்தப் பக்கம் உட்காரவைத்து, ஓசைப்படாமல் பத்தி உருட்டினேன். கை தன் பாட்டுக்கு உருட்டியது. காது மட்டும் தெருவில் இருந்தது.

சாயந்திரம் அவர்கள் வந்தார்கள். யார் பிள்ளைகளோ, எந்தப் பக்கத்துப் பிள்ளைகளோ, கையில் கட்டை. எங்கள் தெரு முகம் ஒன்றுகூட இல்லை. ஓனரம்மா கேட்டுக்கு உள்ளே நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே இருப்பது யார் என்று கேட்டார்கள். நம்ம ஜனம்தான் என்று அவர் கன்னடத்தில் சொன்னார். நம்பவில்லை. கேட்டை உலுக்கினார்கள். ஒரு கல் பறந்து வந்து குடோனம்மா வீட்டு ஷீட்டில் விழுந்தது.

அப்போது உள்ளே அவள் ஸ்டவ்வில் கஞ்சி வைத்திருந்தாள். கல் விழுந்த சத்தத்தில் துள்ளி எழுந்தவள் முழங்கை பட்டு ஒரு எண்ணெய்க் குடம் சாய்ந்தது. எண்ணெய் ஓடிப்போய் ஸ்டவ்வைத் தொட்டது. குப்பென்று நெருப்பு. டிரம்முக்கும் நெருப்புக்கும் நடுவே ஒரு முழம் தரைதான்.

மண்ணெண்ணெய் நெருப்பைத் தண்ணீர் ஊற்றி அணைக்கக் கூடாது, ஈரச் சாக்கைப் போட்டு அமுக்க வேண்டும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் வீட்டில் எத்தனை சாக்கு! அத்தனையும் நிறைந்திருந்தது. காலிச் சாக்கு என்று ஒன்று அந்த வீட்டில் கிடையாது. காலியாக வைக்கிற பழக்கமே அவளுக்கு இல்லையே.

வாசலுக்கு ஓடி வந்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னதெல்லாம் மறந்துபோயிற்று. வட்டாரம் அதிரும்படி கத்தினாள்:

"சாக்கு! சாக்கு! சாக்கூ!"

எனக்கு உயிர் போய்விட்டது. தமிழ் கேட்டுக்கு வெளியே போய்விட்டது. டைலர் சிலுவை போட்டுக்கொண்டார். தெருவில் கேட்டை உலுக்கிய கைகள் அப்படியே நின்றன.

ஓனரம்மா மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை. உள்பக்கம் கை காட்டி, பையன்களைப் பார்த்துக் கன்னடத்தில் ஒரு சீறு சீறினார்: "கேளிஸ்தா? சாக்கந்தே! ஹோக்ரப்பா!"

விஷயம் இதுதான். கன்னடத்தில் சாக்கு என்றால் போதும் என்று அர்த்தம். கேட்டீங்களா, போதுமாம், போங்கப்பா என்று ஓனரம்மா சொல்லிவிட்டார். அந்தப் பையன்களுக்கு உள்ளே கேட்டது என்ன? யாரோ ஒரு கன்னடக்கார வீட்டம்மா, ஊர் ரகளையில் நொந்துபோய், "போதும்! போதும்! போதும்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்துகிறாள். ஒருத்தன் கட்டையைக் கீழே இறக்கினான். "ஆய்த்தம்மா, ஆய்த்து" என்றான். ஆச்சும்மா, ஆச்சு என்று அர்த்தம். அவர்கள் நடக்கிற சத்தம் தெருவில் தேய்ந்து போயிற்று.

இதெல்லாம் கேட்டாண்டை நடந்த கதை, பிறகுதான் எனக்குத் தெரியும். அவள் மூன்றாவது சாக்கு சொல்வதற்குள் நான் என் அடியில் போட்டு உட்கார்ந்திருந்த சாக்கை உருவிக் குழாயடித் தொட்டியில் முக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குள் ஓடியிருந்தேன். நெருப்பின் மேல் போட்டு, அதன்மேல் நானும் ஏறி நின்று மிதித்தேன். டைலர் ஒரு வேட்டியை நனைத்து எடுத்துக்கொண்டு வந்தார். இருவரும் மிதித்தோம். பக்கத்திலிருந்த ஒரு ராகி மூட்டை கருகியது, என் புடவை ஓரம் போயிற்று. டிரம் சூடாகக்கூட இல்லை.

எல்லாம் அடங்கிய பிறகு குழாயடியில் உட்கார்ந்தோம்.  ஓனரம்மா மெல்ல வந்து, அந்தப் பையன்கள் ஏன் போனார்கள் என்று குடோனம்மாவுக்கு விளக்கினார். அவளுக்கு இத்தனை வருஷத்தில் கன்னடம் வரவில்லை. கடையில் கைஜாடையிலேயே மூட்டை மூட்டையாக வாங்கிப் பழகியவள். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது.

"இன்னாது? போதும்னா? நானா சொன்னேன்?"

"ஆமாம்மா. மூணு தரம்."

"என் வாயால போதும்னு சொன்னேனா? அக்கா, நீ சொல்லுக்கா, நான் எப்பியாச்சும் அப்பிடி சொல்வேனா? நான் சாக்கு கேட்டேன்க்கா!"

முதலில் ஓனரம்மாதான் சிரித்தார். அப்புறம் டைலர். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம், சத்தம் வெளியே போய்விடுமே என்ற பயத்தில்.  குடோனம்மா சிரிக்கவில்லை. என் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கருகிய புடவை ஓரத்தைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள்.

திரும்பி வரும்போது ஒரு குடம் எண்ணெயைச் சுமந்து வந்து டைலர் வாசலில் வைத்தாள். அடுத்தது அடுத்த வீட்டுக்கு. எட்டு வீட்டு ஸ்டவ்வும் நிறைந்தது, எட்டு வீட்டு டின்னும் நிறைந்தது. பயத்தை எட்டாகப் பங்கு போட்டால் ஒரு வீட்டுக்கு ஒரு டின்தான் வந்தது. பின்னாலேயே பருப்பு மூட்டைகளும் வாசல் வாசலாகப் போயின. அரை ஸ்பூன் சர்க்கரை கடன் கேட்டால் ஆறு கேள்வி கேட்கிறவள், யாரையும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பந்த் பிஸ்கெட் டின்னின் மெழுகைக் கத்தியால் நெம்பித் திறந்து பிள்ளைகள் நடுவில் வைத்தாள். பிஸ்கெட் நமத்துப்போயிருந்தது. ஒன்றும் மிஞ்சவில்லை.

ஊர் அடங்கி டிரைவர் ஒருவழியாக வந்து சேர்ந்தபோது வாசலில் நின்று உள்ளே பார்த்தார். தரை தெரிந்தது. வெளியே போய்க் கதவு சரியான கதவுதானா என்று பார்த்துவிட்டு வந்தார். "வூடு மாத்திட்டியா?" என்றார். பிறகு போய் நடு வீட்டில் கையும் காலும் நீட்டிப் படுத்தார். அப்படியே தூங்கிவிட்டார்.

அவர் வருவதற்கு முன்னால், ஊரடங்கு உத்தரவு போட்டிருந்த நாட்களில் நடந்தது ஒன்று பாக்கி இருக்கிறது.

எனக்கு மூக்குப்பொடி பழக்கம். அதில் எனக்கு வெட்கமும் இல்லை. கடை மூடியதில் பொடி தீர்ந்துபோயிற்று. தலை இடிக்கிறது, எரிச்சல் வருகிறது, பத்தி கோணலாகப் போகிறது. ஆனால் நான் யாரிடமும் கை நீட்டிப் பழகியவள் இல்லை. பொடிக்காகவா நீட்டுவேன்? பத்தியை உருட்டிக்கொண்டிருந்தேன்.

குடோனம்மா வந்தாள். டிரம் நகர்த்திய இடத்திலிருந்து எடுத்தாளாம், தூசி படிந்த ஒரு சின்னத் தகர டப்பா. என் பலகைமேல் வைத்தாள். நான் போடுகிற அதே பட்டணம் பொடி.

"நீ பொடி போடுவியா?" என்றேன்.

"ச்சே, கருமம். எனக்கு அந்த வாசனையே ஆவாது."

"டிரைவரு?"

"அவரு பீடி."

"பின்ன இது யாருக்கு வாங்கி வெச்ச?"

என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "ஒருநாளு கட இல்லன்னா நீ இன்னா பண்ணுவக்கா?"

டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை இழுத்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பொடி ரொம்பக் காரம் என்று சொல்லி முந்தானையில் துடைத்துக்கொண்டேன். காரமாவது ஒன்றாவது. அவள் வாங்கி வைத்து எத்தனை காலமோ, அந்தப் பொடியில் ஒரு துளி காட்டம்கூட மிச்சமில்லை.

அடி பேத்தி, தீபா, இங்கே வாடி. நான் எழுதியதை ஒருதரம் படித்துக்காட்டு. என் எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும், பொடி டப்பா வருகிற இடத்தை மட்டும் அவசரப்படாமல் படி.